இரண்டாவது அட்டையைக் கொடுக்கும்போது

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வட்டாரத்து மருந்துக்கடைக்காரர்களுக்கு,

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நுண்ணோக்கியைப் பார்த்தே காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவள் நான். கச்சேரி சாலையிலும் உஸ்மான் சாலையிலும் எல்.பி. சாலையிலும் நடந்து பார்த்தால், மருந்துக்கடை இருக்கும் இடத்துக்குச் சில கடைகள் தள்ளி ஒரு ‘லேப்’ இருக்கும். காலையில் வெறும் வயிற்றோடு எங்களிடம் வந்து ரத்தம் கொடுத்தவர், மாலையில் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு நேராக உங்கள் கடைப் படியில்தான் ஏறுவார். இத்தனை பக்கத்தில் இருந்தும் உங்களுக்கும் எங்களுக்கும் பேச்சு கிடையாது. எங்கள் படிவத்தில் பெயர், வயது, எந்த டெஸ்ட் என்று எழுத இடம் உண்டு; என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று எழுத இடமில்லை. உங்கள் பில்லில் மருந்தின் பெயர் இருக்கும். ரத்தத்தில் எது எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது இருக்காது. எண் எங்களிடம், மருந்து உங்களிடம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய மருத்துவரோ ‘ஒரு மாசம் கழிச்சு வாங்க’ என்று சொல்லி அனுப்பியிருப்பார்.

அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன். ஆன்டிபயாட்டிக் இரண்டு வாரத்தைத் தாண்டிப் போகிறது என்று தெரிந்தால், அடுத்த அட்டையை எடுத்துக் கொடுக்கும்போது “சிபிசி டெஸ்ட் எடுத்தீங்களா?” என்று, ரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனையைப் பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்க வந்தது இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

சளிக்கும் தொண்டை வலிக்கும் மூன்று நாள், ஐந்து நாள் வாங்கிப்போகிற மாத்திரைகளைப் பற்றியது அல்ல இந்த மடல். அவற்றின் தொல்லை வேறு. முட்டி மாற்றிய இடத்தில் கிருமி புகுந்தவர்கள், சர்க்கரை நோயால் கால் எலும்புவரை புண் போனவர்கள், மருந்துக்கு மசியாத காசநோய்க்காரர்கள் இருக்கிறார்களே, ஆறு வாரமும் ஆறு மாதமும் ஆன்டிபயாட்டிக் சாப்பிட வேண்டியவர்கள், அவர்களைப் பற்றியது. முன்பெல்லாம் இவர்கள் ஆஸ்பத்திரியில் படுத்தபடி நரம்பில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தினமும் ஒரு டாக்டர் வருவார், அவ்வப்போது ரத்தம் எடுப்பார்கள். 2019-ல் பிரிட்டனில் 26 மருத்துவமனைகளில் 1054 பேரை வைத்து நடந்த ஓவிவா என்ற ஆய்வு வெளியானது. எலும்பு, மூட்டுத் தொற்றுக்கு முதல் ஆறு வாரம் ஊசிக்குப் பதில் மாத்திரை கொடுத்தாலும் பலன் குறையவில்லை என்று அது காட்டியது. நோயாளிக்கு இது பெரிய நிம்மதி. கையில் ஊசியில்லை, வீட்டுச் சாப்பாடு, செலவும் குறைவு. ஆனால் மாத்திரை வீட்டுக்கு வந்த வேகத்தில் கண்காணிப்பு வீட்டுக்கு வரவில்லை.

இந்த நீண்ட சிகிச்சைகளில் அடிக்கடி வரும் பெயர் லினெசோலிட். 2000-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. வேறு மருந்துகள் கைவிட்ட கிருமிகளையும் அடக்குவது, மாத்திரையாகக் கொடுத்தாலே முழுவதுமாக உடம்பில் சேர்வது என்று அதற்கு அருமையான குணங்கள் உண்டு. அதன் விவரத்தாளிலேயே அச்சிட்டிருக்கிறார்கள்: இதைச் சாப்பிடுகிறவர்களுக்கு, முக்கியமாக இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பிடுகிறவர்களுக்கு, வாரம் ஒரு முறை ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். 28 நாளுக்கு மேல் கொடுப்பது அந்த அனுமதிக்கான ஆய்வுகளில் சோதிக்கப்படவில்லை என்றும் அதில் இருக்கிறது. அந்தத் தாள் பெட்டிக்குள் எட்டாக மடித்து, எறும்பெழுத்தில் கிடக்கும். அட்டையாகப் பிரித்து வாங்கிப்போகிறவருக்கு அதுவும் கிடைக்காது.

மருந்து ரத்தத்தில் கைவைப்பது எப்படி? கிருமி உயிர்வாழப் புரதம் வேண்டும். அதைச் செய்வது ரைபோசோம். லினெசோலிட் கிருமியின் ரைபோசோமைப் பிடித்து வேலையை நிறுத்துகிறது. நம் செல்களுக்குள் ஆற்றல் தருகிற மைட்டோகாண்ட்ரியா என்ற உறுப்பு உண்டு. அது பல கோடி ஆண்டுகளுக்கு முன் பாக்டீரியாவாக இருந்து உள்ளே குடியேறியது என்பது அறிவியல் ஏற்றுக்கொண்ட வரலாறு. அதன் ரைபோசோம் இன்றும் பாக்டீரியாவின் ஜாடையிலேயே இருக்கிறது. மருந்துக்கு வித்தியாசம் தெரிவதில்லை. சில நாள் சிகிச்சையில் உடம்பு இதைத் தாங்கிக்கொள்ளும். வாரக்கணக்கில் போனால், இரவும் பகலும் புது அணுக்களைப் பெற்றுத்தள்ளும் எலும்பு மஜ்ஜை சோர்ந்துபோகிறது.

எங்கள் மேசையில் இது ஒரு வரிசையில் தெரியும். தட்டணுவின் (பிளேட்லெட்) ஆயுள் ஏழு முதல் பத்து நாள். மஜ்ஜை தயங்கினால் பெரும்பாலும் முதலில் குறைவது அதுதான். இரண்டாவது, மூன்றாவது வாரத்திலேயே பிளேட்லெட் ஒன்றரை லட்சத்துக்குக் கீழே இறங்கத் தொடங்கலாம். சிவப்பணுவின் ஆயுள் 120 நாள். அதனால் ஹீமோகுளோபின் மெல்லத்தான் சரியும், சோர்வும் மெல்லத்தான் வரும், அதற்கு வீட்டில் வயசு என்று பெயர் வைத்துவிடுவார்கள். வெள்ளணுக்கள் குறைந்தால் வெளியே ஒன்றும் தெரியாது, ஒரு நாள் காய்ச்சல் வரும்வரை. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர்களுக்கு இவை முந்தியும் அதிகமாகவும் வருகின்றன. கால் புண்ணுக்காக வாரக்கணக்கில் மாத்திரை சாப்பிடுகிற சர்க்கரை நோயாளிகளில் எத்தனை பேருக்குச் சிறுநீரகமும் பழுது என்று உங்கள் விற்பனையே சொல்லும்.

சென்னைக்காரர்களுக்குப் பிளேட்லெட் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஒவ்வொரு மழைக்காலத்திலும் டெங்கு வந்து எடுத்துவிட்டுப் போகிறது. நிலவேம்புக் கஷாயமும் பப்பாளி இலைச் சாறும் தெரியாத வீடு இங்கே இல்லை. காய்ச்சலில் பிளேட்லெட் எண்பதாயிரம் என்றால் குடும்பமே ஆட்டோ பிடிக்கிறது. அதே எண்பதாயிரம் ஒரு மாத்திரையாலும் வரும் என்பது மட்டும் யாருக்கும் சொல்லப்படவில்லை.

இந்த விஷயத்தில் நம் ஊருக்கு ஒரு வரலாறு உண்டு. சேத்துப்பட்டில் மேயர் சத்தியமூர்த்தி சாலையில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1956-ல் தொடங்கியபோது அதன் பெயர் காசநோய் வேதிச் சிகிச்சை மையம். காசநோயாளியைச் சானடோரியத்தில் படுக்கவைத்து, நல்ல சாப்பாடும் ஓய்வும் கொடுத்தால்தான் குணமாகும் என்று உலகமே நம்பிய காலம். சென்னையின் ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மற்றவர்களை அவரவர் நெரிசலான வீட்டிலேயும் வைத்து, ஒரே மருந்தைக் கொடுத்து ஒப்பிட்டார்கள். 1959-ல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடப்படுவதற்கு இந்தச் சென்னை ஆய்வு ஒரு பெரிய காரணம்.

அந்த ஆய்வின் முடிவை எல்லோரும் சொல்கிறார்கள். அதை நடத்திய விதம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மையத்திலிருந்து ஆட்கள் முன்னறிவிப்பில்லாமல் நோயாளியின் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். வீட்டுச் சிகிச்சை வென்றது வீட்டைத் தேடிப் போய் ஒருவர் விசாரித்ததால். நாம் வீட்டை வைத்துக்கொண்டு விசாரிப்பதை விட்டுவிட்டோம்.

அதே நிறுவனம் இந்தக் காலத்தில் செய்த வேலை லினெசோலிட் பற்றியே பேசுகிறது. 2019-லிருந்து 2021 வரை, பல மருந்துகளுக்கு மசியாத காசநோய் கொண்ட 165 பேரை ‘பீட் டிபி இந்தியா’ என்ற ஆய்வில் சேர்த்து, பெடாகுவிலின், டெலமனிட், லினெசோலிட், கிளோஃபாசிமின் என்று நான்கு மருந்துகளை 24 முதல் 36 வாரம் கொடுத்தார்கள். டாக்டர் பத்மப்ரியதர்சினியும் அவருடன் உழைத்தவர்களும் வெளியிட்ட முடிவில், கணக்கில் எடுக்க முடிந்தவர்களில் 91 விழுக்காட்டினருக்கு நல்ல பலன். ஒரு காலத்தில் கைவிடப்பட்ட நோய் இது. அதே முடிவில் இன்னொரு வரியும் இருக்கிறது. 85 பேருக்கு, அதாவது பாதிக்குமேல், மஜ்ஜையின் உற்பத்தி குறைந்தது. 69 பேருக்குக் கை கால் நரம்பு பாதித்தது. பெரும்பாலோருக்கு இந்தத் தொல்லைகள் பின்னர் சரியாயின. காரணம், அங்கே நாள் வைத்து ரத்தம் பார்த்தார்கள். குறைந்ததும் கண்டுபிடித்தார்கள். மருந்தை நிறுத்திவைக்கவோ அளவைக் குறைக்கவோ ஒரு மருத்துவர் பக்கத்தில் இருந்தார்.

அளவைக் குறைப்பது எவ்வளவு செய்யும் என்பதற்கும் கணக்கு உண்டு. 2022-ல் வெளியான ஜீநிக்ஸ் என்ற பன்னாட்டு ஆய்வில், 26 வாரம் நாளுக்கு 1200 மில்லிகிராம் லினெசோலிட் சாப்பிட்டவர்களில் 22 விழுக்காட்டினருக்கு மஜ்ஜை பாதித்தது. 600 மில்லிகிராம் சாப்பிட்டவர்களில் 2 விழுக்காடு. நோய் குணமானது முறையே 93, 91 விழுக்காடு. இப்படிப்பட்ட முடிவுகளைப் பார்த்துத்தான் 2024 செப்டம்பரில் நம் மத்திய சுகாதார அமைச்சகம் நான்கு மருந்து கொண்ட ஆறு மாதச் சிகிச்சைக்கு ஒப்புதல் கொடுத்தது. அதிலும் லினெசோலிட் இருக்கிறது. அரசுத் திட்டத்தில் சிகிச்சை பெறும் காசநோயாளிக்கு ரத்தப் பரிசோதனை அந்தத் திட்டத்துக்குள்ளேயே வருகிறது. அடையாறில் சொந்தச் செலவில் எலும்புத் தொற்றுக்கு மாத்திரை வாங்கும் நோயாளிக்கு அப்படி ஒரு திட்டம் இல்லை. அவருக்கு இருப்பது நீங்கள்.

‘பெட்டியில்தான் எச்சரிக்கை போட்டிருக்கிறதே’ என்று யாராவது சொன்னால், குளோராம்பெனிகால் கதையை நினைத்துப் பாருங்கள். 1949-ல் கடைக்கு வந்த மருந்து. டைபாய்டு என்றால் வீடு முழுக்க அழுகுரல் கேட்ட காலத்தில் அது பல உயிர்களை மீட்டது. கொஞ்ச நாளிலேயே, மிகச் சிலருக்கு மஜ்ஜை மொத்தமாக வற்றிப்போவது தெரியவந்தது. மருந்தை நிறுத்திய பிறகு, வாரங்கள் கழித்துக்கூட வரும், திரும்பாது. கலிபோர்னியாவில் ஆல்பி வாட்கின்ஸ் என்ற மருத்துவர் 1952-ல் தன் மகனை இப்படித்தான் இழந்தார். தொழிலை விட்டுவிட்டு, வழியெல்லாம் மற்ற மருத்துவர்களிடம் கேட்டு இதேபோன்ற மரணங்களின் விவரங்களைத் திரட்டியபடி வாஷிங்டனுக்குப் போனார். அதே ஆண்டு பெட்டியில் எச்சரிக்கை அச்சாகத் தொடங்கியது. விற்பனை சரிந்தது, பிறகு சில ஆண்டுகளில் பழையபடி ஏறிவிட்டது. லினெசோலிட் செய்வது அந்த மாதிரி திரும்பாத சேதம் அல்ல. நேரத்தில் பார்த்து நிறுத்தினால் மஜ்ஜை பெரும்பாலும் மீண்டுவிடும். ஆகவேதான் நேரத்தில் பார்ப்பது இவ்வளவு முக்கியம்.

லினெசோலிட்டோடு இது முடியவில்லை. வீட்டுக்கே நர்ஸ் வந்து போடும் செஃப்ட்ரையாக்ஸோன், பைப்பராசிலின் போன்ற ஊசிகள் இரண்டு வாரத்தைத் தாண்டினால் சிலருக்கு வெள்ளணு சரியும். அப்போது வரும் காய்ச்சலைப் பார்த்து ‘மருந்து போதவில்லை’ என்று இன்னும் சில நாள் ஊசியை நீட்டினால் ஆபத்து கூடும். உங்கள் பார்வையில் மட்டுமே படக்கூடிய இரண்டு விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். இவற்றுக்கு நீண்ட நாள்கூட வேண்டாம். முடக்குவாதத்துக்கு வாரம் ஒருநாள் மெத்தோட்ரெக்சேட் சாப்பிடும் பெண்கள் நம் வட்டாரத்தில் நிறைய. அவர்களில் ஒருவர் சிறுநீர்க் கடுப்புக்கு வேறொரு மருத்துவரிடம் போய், கோ-ட்ரைமாக்சசோல் எழுதி வாங்கி வந்தால், இரண்டு மருந்தும் சேர்ந்து மஜ்ஜையை அணைத்துவிடக்கூடும். உயிர் போயிருக்கிறது. இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம் சாப்பிடுகிறவர்களுக்கு அதே கோ-ட்ரைமாக்சசோலோ மெட்ரோனிடசோலோ ரத்தக்கசிவை உண்டாக்கும். ரிஃபாம்பிசின் நேரெதிராக அசிட்ரோமின் வேலையைக் கெடுத்து வால்வில் ரத்தம் உறையவைக்கும். சீட்டுகள் இரண்டு, மருத்துவர்கள் இரண்டு பேர், கடை ஒன்று. இப்படி ஒரு சீட்டு வந்தால் கொடுப்பதற்கு முன்பே எழுதிய மருத்துவருக்குப் போன் போட்டுவிடுங்கள்.

உங்கள் தரப்புச் சங்கடமும் எனக்குத் தெரியும். மாலை ஏழு மணிக்கு பனகல் பார்க் பக்கம் ஒரு கடையில் எத்தனை கைகள் ஒரே நேரத்தில் நீளும் என்று பார்த்திருக்கிறேன். ‘டாக்டர் எழுதினதைக் குடுங்க, நீங்க என்ன கேக்கறது’ என்று முகத்தில் அடித்தாற்போலப் பேசுகிறவர்களும் உண்டு. ஆனால் பதிவு பெற்ற மருந்தாளர் வாடிக்கையாளருக்கு ஆலோசனை சொல்ல வேண்டும் என்று 2015-ன் மருந்தாளுமை நடைமுறை விதிகள் சொல்கின்றன. நீங்கள் கேட்பது அத்துமீறல் ஆகாது, அது உங்கள் தொழில். எழுதி வைப்பதும் உங்களுக்குப் புதிதல்ல. 2014 மார்ச்சிலிருந்து ஹெச்1 பட்டியல் மருந்துகளுக்கு நோயாளி பெயர், மருத்துவர் பெயர், அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு காத்துவருகிறீர்கள். பில் போடும் கம்ப்யூட்டரில் போன தடவை எந்தத் தேதியில் வாங்கினார் என்பது ஒரு தட்டலில் வந்து நிற்கும்.

ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள். டெஸ்ட் எடுக்கவில்லை என்பதற்காக மாத்திரையைத் தர மறுக்காதீர்கள், பயமுறுத்தி நிறுத்தவைக்காதீர்கள். பாதியில் நின்ற சிகிச்சையில் கிருமி பலம் பெற்றுத் திரும்பும். எலும்பில் என்றால் காலையே எடுக்க நேரலாம். காசநோயில் என்றால் அடுத்த முறை இந்த மருந்தும் கேட்காது. மருந்தைக் கொடுங்கள், கூடவே பக்கத்து லேபுக்கு அனுப்புங்கள், ரிப்போர்ட்டை மருந்து எழுதிய மருத்துவருக்கு அன்றே அனுப்பச் சொல்லுங்கள். ஈறில் ரத்தம், தோலில் சிவப்பாகவோ ஊதாவாகவோ பொடிப்புள்ளிகள், அடிபடாமலே கன்றிப்போவது, காய்ச்சல், படியேறினால் மூச்சு வாங்குவது, பார்வை மங்குவது, பாதம் மரத்துப்போவது என்று ஏதாவது சொன்னால் மட்டும் மறுநாள்வரை காத்திருக்கச் சொல்லாதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் போகட்டும். நிறுத்துவதா குறைப்பதா என்பதை அவர் முடிவு செய்வார்.

‘ரத்தம் கம்மியா இருக்கு, ஒரு டானிக் குடுங்க’ என்று கேட்டு வருகிறவரிடமும் ஒரு நிமிடம் நில்லுங்கள். நீண்ட ஆன்டிபயாட்டிக்கில் இருப்பவருக்கு ஹீமோகுளோபின் இறங்கியிருந்தால் அது இரும்புச்சத்துக் குறைவால்தான் வந்தது என்று இல்லை. மஜ்ஜையே தயங்கும்போது இரும்பு டானிக்கும் பேரீச்சம்பழமும் முருங்கைக்கீரையும் அதைத் தட்டி எழுப்பாது. டானிக் பாட்டில் முடியும்வரை பார்ப்போம் என்று இருந்துவிட்டால் ஒரு மாதம் வீணாகிவிடும். இதில் ஒரு மாதம் மிக நீளம்.

கடைசியாக ஒரு நடைமுறைச் சிக்கல். உங்கள் கடைக்கு வருகிறவர் பல நேரம் நோயாளியே இல்லை. மந்தைவெளி, பெசன்ட் நகர் அடுக்ககங்களில் வயதான தம்பதி தனியாக இருப்பார்கள். பிள்ளை நியூஜெர்சியிலிருந்து வாட்ஸப்பில் சீட்டை அனுப்புவார். வாங்க வருவது வாட்ச்மேனோ வீட்டு வேலை செய்யும் அம்மாவோ. இல்லையென்றால் உங்கள் கடைப் பையனே சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பான். நீங்கள் வாய் திறந்து கேட்டாலும் கேள்வி நோயாளியின் காதுக்குப் போய்ச் சேராது. ஆனால் நீங்கள் 1-0-1 என்று பேனாவால் எழுதித் தரும் அந்தக் காகித உறை எப்படியும் அவர் கைக்குப் போகும். அதன் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து வைத்துக்கொண்டால் நேரமும் ஆகாது. வாசகம் இப்படி இருக்கலாம்:

‘இந்த ஆன்டிபயாட்டிக் தொடங்கிய தேதி: ……… . இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பிட வேண்டியிருந்தால் ரத்த அணுப் பரிசோதனை (சிபிசி) எப்போதெல்லாம் எடுக்க வேண்டும் என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். லினெசோலிட் என்றால் வாரம் ஒருமுறை. நீங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள். ரத்தக்கசிவு, காய்ச்சல், மூச்சிரைப்பு, பார்வை மங்கல் வந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள். மருந்தின் பக்கவிளைவைப் பதிவுசெய்ய, கட்டணமில்லாத் தொலைபேசி: 1800-180-3024.’

இப்படிக்கு,
ரத்த ஆய்வகத்தில் வேலை பார்த்த ஒரு மயிலாப்பூர்வாசி